கட்டினவர்கள் நிற்கலாம்

எங்கள் கோவிலில் ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்குப் பாடுகிறவர்கள் மொத்தம் ஒன்பது பேர். சீசன் தொடங்கிவிட்டால் அது ஐந்தாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானல்காரர்கள் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. எங்களில் ஒருவர் டாக்சி ஓட்டுகிறார், ஒருத்தி ஓட்டல் ரிசப்ஷனில் நிற்கிறாள், இன்னொருவருக்கு ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் கடை. நான் எலக்ட்ரீசியன். ஓட்டல்களில் கீசரும் ரூம் ஹீட்டரும் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போன் அதிரும். வெந்நீர் வராமல் துண்டோடு நிற்கிறவனிடம், கர்த்தர் உயிர்த்துவிட்டார், அரை மணி நேரம் பொறு என்று சொல்லவா முடியும்?

அந்த ஒன்பது பேரில் தியானப் பாடல் பாடுகிறவர்கள் இரண்டு பேர்தான். பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்று பாட வேண்டும், அதுதான் தியானப் பாடல். பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுப்பார், சனங்கள் திருப்பிப் பாடுவார்கள், நடுவில் வரும் அடிகளை இன்னொருவர் பாடுவார். மூன்று வருடம் முன்பு வரை அந்த இருவர் நானும் ஒரு பெண்ணும். பல்லவி அவளுடையது, அடிகள் என்னுடையவை. ஏழு வருடம் அப்படிப் பாடினோம். காலைக் குளிரில் என் குரல் எப்போதும் கொஞ்சம் சுருதி இறங்கிவிடும். உடனே அவள் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு விரலைத் தூக்குவாள், நான் ஏற்றிக்கொள்வேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எங்கள் கீபோர்டுக்காரருக்குக்கூட இது பல வருடம் தெரியாது.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது, எனக்கு முப்பத்தைந்து. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தாள். அப்பா இல்லை. அம்மா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர், இங்கே பூண்டு, கேரட் தோட்டங்களில் தினக்கூலி. எனக்கோ அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்காகப் பேச ஆள் இல்லை, நானாகப் பேச வாய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை முடிந்ததும் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடப்பேன். வழியெல்லாம் பாட்டைப் பற்றியே பேசுவோம். ஒரு ஆணும் பெண்ணும் ஏழு வருடம் பாட்டைப் பற்றி மட்டும் பேச முடியுமா என்று கேட்டால், முடியும். இருவரில் ஒருவர் கோழையாக இருந்தால் போதும். கொயரில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'இது கேட்டீங்களா', அவ்வளவுதான். என்னிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு 'அண்ணே'வின் மேல் நான் மாடி வீடு கட்டிக் குடியிருந்தேன்.

அந்த வருடம் கிறிஸ்மஸ் முடிந்து சனவரியில், கீபோர்டுக்காரரின் மூன்றாவது பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு வைத்திருந்தார்கள். கோவிலுக்கு வெளியே உறைபனி இன்னும் புல்லில் கிடந்தது. ஞானத்தகப்பனாகவும் ஞானத்தாயாகவும் நிற்க வேண்டியவர்கள் அவருடைய மச்சானும் அவர் மனைவியும். திண்டுக்கல்லிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள்.

"இன்னும் பெருமாள்மலை தாண்டலியாம் சாமி," என்றார் கீபோர்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

சாமியாருக்குப் பதினொரு மணிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் பூசை. வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. "எனக்கு டைம் இல்லப்பா. உறுதிபூசுதல் வாங்குன யாரா இருந்தாலும் சரி. ரெண்டு பேரு வந்து நில்லுங்க," என்றார்.

கீபோர்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏலே, நீ வந்து நில்லு."

நான் போய் நின்றேன். ஞானத்தாய்க்கு அவருடைய மனைவி முன்வரிசைப் பெண்களைப் பார்த்தார். ஒரு அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தும் விட்டார். அப்போதுதான் அவள் பாட்டுப் புத்தகத்தைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள். "நான் வாங்கிக்கிறேன்க்கா," என்று குழந்தைக்குக் கையை நீட்டினாள். யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்தாள். ஊரே பார்க்க, நான் நிற்கும் இடத்துக்கு, என் பக்கத்துக்கு வந்து நின்றாள். என் கையில் மெழுகுதிரியைக் கொடுத்தார்கள்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றோம். ஏழு வருடப் பழக்கத்தில் அதையும் ஒரே சுருதியில் சொல்லிவிட்டோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது, அவள் சால்வையால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கோவில் புத்தகத்தில் என் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் ஒரே வரியில். மை காயும் வரை நின்று பார்த்தேன். கல்யாணப் புத்தகத்திலும் இப்படித்தானே போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. காலை விட்டதே எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பங்கு ஹாலில் கேக் கொடுத்தார்கள். தட்டை என்னிடம் நீட்டி, "எடுத்துக்குங்கண்ணே," என்றாள் அவள். முதல் தடவை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன், கேக்கையும் சேர்த்து.

அந்தச் சால்வையும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றதும்தான் எனக்குத் துணிச்சல் கொடுத்தது. தவக்காலம் வந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரமே, கீபோர்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட். அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் பூண்டு வாசம். எங்களை உட்கார வைத்து, பாலில்லாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். கீபோர்டுக்காரர் தொண்டையைக் கனைத்து விஷயத்தைச் சொன்னார்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து, என்னைத்தான் பார்த்துப் பேசினார். "தம்பி, நீங்க நல்ல மனுசன். அதுல ஒரு பேச்சும் இல்ல. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப முடியாது."

"ஒரு மாசத்துல என்னம்மா ஆச்சு?"

"இவரு புள்ளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னீங்கல்ல. ஒரே புள்ளைக்கு ஒண்ணா நின்னு பதில் சொன்னவங்க கூடப்பொறந்தவங்க தம்பி. எங்க லயத்துல அதுக்குப் பொறகு வெளையாட்டுக்குக்கூட மொற மாத்திப் பேச மாட்டாங்க."

கீபோர்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, என்னா சொல்றீங்க? நிக்கிறதா இருந்ததே என் மச்சானும் அவன் சம்சாரமும்தான். புருசன் பொண்டாட்டி."

"கட்டுனவங்க நிக்கலாம் தம்பி. நின்னவங்க கட்டக்கூடாது."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். அன்றைக்கு மூக்கோடு நிற்கவில்லை. எந்தப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது, எந்த சாமியார் சொன்னார், இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று, ஒரு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு வந்த அந்த அம்மாவிடம் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "புஸ்தகம் எனக்குத் தெரியாது. பாவம் தெரியும்," என்றார். உள்ளே அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போது கீபோர்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எம் பிள்ளையால ஒன் வாழ்க்க போச்சேடா." உங்கள் பிள்ளை என்ன செய்யும், அது பால் குடிக்கிற பிள்ளை என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான். மெழுகுதிரியை வேறு பிடித்துக்கொண்டு இளித்தேன்.

மறுநாள் சாமியாரிடம் போனேன். அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை என்றார். அவரே ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துச் சொன்னார். அவருக்கும் பிளேன்டீ கிடைத்தது, பதிலும் கிடைத்தது. "நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும் சாமி. ஆனா நாளைக்கு அதுக ரெண்டுக்கும் ஒரு புள்ள பொறந்து, அது நோவாப் படுத்தா, ராவும் பகலும் எம் மனசு என்ன சொல்லும்? அப்ப வந்து நீங்க பக்கத்துல உக்காருவீங்களா?" என்னிடம் வந்து சொல்லும்போது சாமியார் தலையைச் சொறிந்துகொண்டார்.

நான் விடவில்லை. விட்டிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். தவக்காலத்தின் மூன்றாவது வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வெள்ளனே முதல் பஸ் ஏறி மலையிறங்கி, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போனேன். எனக்கு அந்த வளைவுகளில் எப்போதும் வாந்தி வரும், பிறந்ததே மலையில் என்றாலும். கீழே வெயிலில் அரை நாள் காத்திருந்தேன். அலுவலகத்தில் இருந்த சாமியார் நான் சொன்னதைக் கேட்டு, இதற்கெல்லாம் கடிதம் கொடுத்து வழக்கமில்லையே என்றார். கொடுத்தால்தான் போவேன் என்று உட்கார்ந்தேன். கடைசியில் தமிழில் நான்கு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். ஒரே குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள் தங்களுக்குள் மணமுடிக்கத் திருச்சபையில் தடை ஏதும் இல்லை. அதை நெகிழிப் பையில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் பாடிக்கொண்டுதான் இருந்தோம். சனிக்கிழமை ஒத்திகைக்கு அவள் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. நான் சுருதி இறங்கினால் இரண்டு விரல் உயர்ந்தது. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் துணிந்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"அம்மா சொன்னா சொன்னதுதாங்க," என்றாள், கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி.

பாவம், அம்மாவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். என் நினைப்புக்கு என்ன கேடு, அது பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், அந்த அம்மாவும் அவருடைய லயத்து வழக்கமும் மறுபக்கம் என்று.

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வழிபாடு. அன்று மணி அடிக்கக் கூடாது, கீபோர்டும் வாசிக்கக் கூடாது. வெறும் குரல்தான். சீசன் ஆரம்பித்திருந்தது. பின்வரிசையில் குரங்குக் குல்லாய் போட்ட டூரிஸ்டுகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதியமே மேகம் இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் வாசகம் முடிந்தது. துணைக்குச் சுருதி இல்லை. அவள் எங்கிருந்தோ பல்லவியை எடுத்தாள். நான் அதே இடத்திலிருந்து அடியை எடுத்தேன். நான்கு அடிகள். கடைசி அடி முடியும் வரை என் குரல் ஒரு இழைகூட இறங்கவில்லை. அதற்கு முன்பும் நான் அப்படிப் பாடியதில்லை, பிறகும் இல்லை.

வெளியே வந்ததும் அவளே என்னிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கு வெரல் தூக்கவே இல்ல, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கு, உயிர்ப்புத் திருநாள். அது முடிந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பாஸ்கு முடிந்த கையோடு சீசன் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கீசர். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு வாரம் ஓடியது. இரண்டாவது ஞாயிறு, பூசையின் கடைசி ஆசீருக்கு முன்னால் சாமியார் அறிவிப்புப் புத்தகத்தை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் கோவிலில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று முடிப்பார்கள். சாமியார் வாசித்தார். மணமகன் வத்தலக்குண்டுப் பங்கு. மணமகள் இந்தப் பங்கு. பெயர் அவளுடையது. முதல் ஓலை. எங்கள் பக்கமே பார்க்காமல் வாசித்துவிட்டு சாமியார் புத்தகத்தை மூடினார்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள், ஒரு முழம் தள்ளி. அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கீபோர்டுக்காரர். அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு கடைசிப் பாட்டுக்குச் சுருதி கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தார். எடுக்க வேண்டியவன் நான், எடுத்தேன். என்ன பாட்டு என்று இன்று கேட்டால் தெரியாது. அவள் வழக்கம்போல மேல்குரல் பாடினாள்.

கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை மத்தியானம் நேராகச் சாக்லேட் கடைக்குப் போனேன்.

கடையில் நிற்க இடமில்லை. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் பிள்ளைகள், பெரியவர்கள், பைகள். அவள் கையுறை போட்டுக்கொண்டு வேகவேகமாக எடைபோட்டுக் கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, பின்பக்கம் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சந்துக்கு வந்தாள். நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இத இன்னிக்கே உங்க அம்மாகிட்டக் காட்டுறேன். நேரா ஆயர் இல்லத்துல வாங்குனது. மூணாவது ஓலைக்கு முன்னாடி சாமிகிட்டப் போயி நிறுத்திரலாம். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு வரியையும் படித்தாள். முத்திரையைப் பார்த்தாள். பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கா மலையெறங்கிப் போனீங்க?"

"ஆமா."

"அந்தப் புள்ளையக் கையில வாங்குறப்பவே எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்க வீட்டு வழக்கம். சின்னதுல இருந்து கேட்டு வளந்ததுதானே. நீங்க முன்னாடி போயி நின்னதப் பாத்துட்டுத்தான் நானா வந்து கைய நீட்டுனேன்."

எனக்கு உறைக்கவில்லை. மூளைக்குப் போகாமல் காதிலேயே நின்றது. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க கேக்கப்போறீங்கன்னு கிறிஸ்மஸ்லயே தெரிஞ்சுபோச்சு. கேட்டா வேணாம்னு சொல்லணும். சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுப் பாட வராமப் போயிருவீங்க. வழக்கம் தடுத்துச்சுன்னா யாரு மேலயும் யாருக்கும் கோவம் இருக்காதுன்னு நெனச்சேன். நீங்க எங்க அம்மாகிட்ட அவ்வளவு சத்தம் போடுவீங்க, சாமிகிட்டப் போவீங்க, இதெல்லாம் நான் நெனக்கல."

இதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் எப்போது சரியான இடத்தில் வாயை மூடியிருக்கிறேன்? "வேணாம்னு எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாடுறப்ப உங்களப் போல எனக்கு யாரும் இல்லங்க. மத்த நேரத்துல அப்படித் தோணல. தோணுமா தோணுமான்னு நானும் பாத்தேன். ஏழு வருசம் பாத்தேன்."

கடைக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கல்யாணத்துக்கு நீங்கதான் தியானப் பாடல் பாடணும். பல்லவி வேற யாரு வேணா பாடட்டும், அடி நீங்க பாடணும். கேக்கக்கூடாது, தெரியும். இருந்தாலும் கேக்குறேன்."

பாடுறேன் என்றேன். அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து ஏரி வரை நடந்தேன். என்னை நினைத்துக்கூட அவ்வளவு வெட்கமாக இல்லை. அந்த அம்மாவை நினைத்துத்தான். அவர் உண்மையாகவே நம்பித்தான் முடியாது என்றார். ஒரு தவக்காலம் முழுவதும் நான் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன், அவரோ தன் மகள் எதற்காகப் போய் நின்றாள் என்றுகூடத் தெரியாமல் எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏரிக்கரையில் குதிரைக்காரர் ஒருவர் சவாரி போகலாமா என்று ஹிந்தியில் கேட்டார். ஊர்க்காரனை டூரிஸ்ட் என்று நினைக்கும்படி நான் நின்றிருக்கிறேன்.

மூன்றாவது ஓலைக்கு நான் கோவிலுக்குப் போகவில்லை. சனிக்கிழமை ஒத்திகைக்கும் போகவில்லை. போன் வந்தது, எடுக்கவில்லை. மே மாதம் பாதியில் ஒரு புதன்கிழமை கல்யாணம். முந்தின நாள் வரை போவதாகத்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். காலையில் எழுந்ததும் பூம்பாறைப் பக்கம் ஒரு காட்டேஜிலிருந்து கூப்பிட்டார்கள். கீசர் சூடாகவில்லை, அவசரமில்லை, சாயங்காலம் வந்தால்கூடப் போதும் என்றார்கள். இப்பவே வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அங்கே ஒரு கீசர்தான் பழுது. நான் மூன்றையும் கழற்றி மாட்டினேன். கல்யாணப் பூசை பத்தரை மணிக்கு. மணி பத்தரை ஆனதும் பதினொன்று ஆனதும் எனக்குத் தெரியும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சாயங்காலம் கீபோர்டுக்காரர் என் அறைக்கு வந்தார். கல்யாணத்துக்குப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மொத வாசகம் முடிஞ்சிச்சு. நான் சுருதி கொடுத்தேன். நீ வந்துருவேன்னு பல்லவிக்கு மட்டுந்தான் ஒரு பிள்ளையத் தயார் பண்ணி வச்சிருந்தோம். அது பயந்துபோயி எடுக்கவே இல்ல. ரெண்டாந்தடவ கொடுத்தேன். கோவிலே அமைதியாக் கெடக்கு. சாமி சரி வாசிச்சிரலாம்னு கையக் காட்டுறாரு. அப்பந்தான் மாலையும் கழுத்துமா அவ எந்திரிச்சா. அங்கயே நின்னு பல்லவிய எடுத்தா."

நான் ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்தேன்.

"அடியும் அவளே பாடுனா. ஒன்னோட அடி. நாலும். நடுவுல யாரோ உள்ள வர்ற சத்தம் கேட்டுச்சு, திரும்பி வாசலப் பாத்தா. டூரிஸ்டு எவனோ. அப்புறம் பாக்கல."

"மாப்பிள்ள?"

"பாத்துக்கிட்டே இருந்தாரு. நல்ல மனுசனாத் தெரியிறாரு," என்றார் கீபோர்டுக்காரர். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எட்டு மாதம் கழித்து நான் மறுபடியும் கொயரில் சேர்ந்தேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தியானப் பாடலை இப்போது இரண்டு பெண்கள் பாடுகிறார்கள், நான் பின்வரிசையில் நிற்கிறேன். அவள் வத்தலக்குண்டில் நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். அவள் செய்தது எனக்குக் கோபம்தான். நாடகம் என்று எத்தனையோ நாள் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். ஆனால் நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் நினைத்தது தப்பு என்று காட்ட எனக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தாள். அன்று நான் பூம்பாறையில் இருந்தேன்.